அழிக்கத் தடை போட்ட கோப்பு

சென்ற மாதம் கனடாவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பில் என்னுடன் ஒரே ஆசிரியபீடத்தில் பணியாற்றியவர். இப்போது அங்கே ஒரு சிறிய தமிழ் வார இதழின் வேலைகளைக் கவனித்து வருகிறார். சுகம் விசாரித்து முடிந்ததும் தமது சிக்கலைச் சொன்னார். அலுவலகத்தின் பொதுச் சேமிப்பகத்தில் உள்ள கட்டுரைகளை எல்லோராலும் திறக்க முடிகிறது, வாசிக்க முடிகிறது, திருத்தவும் முடிகிறது. திருத்தியதைச் சேமிக்கப் போனால் மட்டும் அனுமதி இல்லை என்று கணினி மறுக்கிறது. இரண்டு நாட்களாக இதழ் வேலை அப்படியே நிற்கிறது.

"அந்தக் கோப்புறைக்குள்ளை புதுசா ஒரு சின்னக் கோப்பை உண்டாக்கிப் பாரும்" என்றேன். உண்டாக்கினார். "இப்ப அதை அழிச்சுப் பாரும்" என்றேன். சற்று நேரம் அமைதி. பின்னர், "அழிக்க ஏலாமல் கிடக்குது" என்றார்.

"பாதுகாப்புக்கு எண்டு ஆராவது அழிக்கிற உரிமையை எடுத்துவிட்டவையோ?"

"ஓம். போன கிழமை ஒரு பக்கம் காணாமல் போட்டுது. அதுக்குப் பிறகு நான்தான் அப்படிச் செய்யச் சொன்னனான்."

காரணத்தை விளக்கிச் சரிசெய்வதற்கு ஐந்து நிமிடம் கூடப் பிடிக்கவில்லை. "உமக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நீர் கலைப் பட்டதாரியல்லோ?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். இந்த ஒரு விடயத்தைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன என்பதையும், அந்தக் கல்விக்கான கட்டணத்தை வேறொருவர் செலுத்தினார் என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2007 ஆம் ஆண்டு. அப்போது நான் பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் பதினான்கு கணினிகள் இருந்தன. கட்டுரைகள் வேர்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகும். அவற்றை எடுத்துப் பேஜ்மேக்கரில் பக்கமாக்குவார்கள். எல்லாக் கோப்புகளும் மூலையில் இருந்த ஒரு கணினியில் சேமிக்கப்படும். அதை நாங்கள் 'சேர்வர்' என்று மரியாதையாக அழைத்தோம். உண்மையில் அது விண்டோஸ் எக்ஸ்பி நிறுவப்பட்ட ஒரு சாதாரண மேசைக் கணினி. அந்த இயங்குதளம் ஒரே நேரத்தில் பத்துக் கணினிகளை மட்டுமே தன்னுடன் இணைய விடும். பதினோராவதாக வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடும். இந்த விதி எங்களில் எவருக்கும் தெரியாது. மாலை ஐந்து மணிக்குப் பின் அலுவலகம் நிறைந்ததும் யாராவது ஒருவர், "சேர்வர் என்னை விடுகுதில்லை" என்று குரல் கொடுப்பார். இன்னொருவர் தேநீர் குடிக்கப் போகும்போது கணினியை நிறுத்திவிட்டுப் போனால் அவருக்கு இடம் கிடைத்துவிடும். அதை ஏதோ கிரக பலன் போல ஏற்றுக்கொண்டு காலம் கழித்தோம்.

தட்டச்சுப் பகுதியில் வவுனியாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் இருந்தார். வயது இருபத்திரண்டு இருபத்து மூன்று இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் தங்கி வேலைக்கு வந்தார். கைவேகம் மிக்கவர். வேகத்தைவிட, ஒரு சிக்கல் வந்தால் அதன் காரணத்தைத் தேடும் குணம் அவரிடம் இருந்தது.

ஒரு முறை ஈழத்து நாடகம் பற்றிய கட்டுரையொன்றை எப்படிச் சேமித்தாலும் கணினி ஏற்க மறுத்தது. சேர்வர் பழுது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். அவர் மட்டும் யோசித்துக் கண்டுபிடித்தார். நாங்கள் கோப்பின் பெயரையும் பாமினி விசைகளிலேயே தட்டுவது வழக்கம். பாமினியில் 'ஈ' என்ற எழுத்து, ஆங்கில விசைப்பலகையில் 'சிறியது' என்பதைக் காட்டும் கோணக் குறி உள்ள இடத்தில் இருக்கிறது. அந்தக் குறியைக் கோப்பின் பெயரில் விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஆகவே 'ஈ' யில் தொடங்கும் எந்தப் பெயரும் எங்கள் சேர்வரில் நுழைய முடியாது. "பெயரை 'நாடகம்' எண்டு மாத்திப்போட்டன் சேர், இப்ப ஏற்குது" என்றார். அந்த நாட்களில் அதைக் கேட்டு அலுவலகமே சிரித்தது. ஏன் சிரித்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் ஞாயிறு வெளியீட்டின் ஒரு பக்கம் முழுவதும் மறைந்து போனது. யாரோ கைதவறி அழித்துவிட்டார்கள். நமது சொந்தக் கணினியில் எதையாவது அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குப் போகும், மீட்டுக்கொள்ளலாம். வலையமைப்பு வழியாக இன்னொரு கணினியில் இருப்பதை அழித்தால் அது எந்தத் தொட்டிக்கும் போகாது. அத்தோடு சரி. அன்று இரவு இரண்டு மணிவரை இருந்து பக்கத்தை மீண்டும் கட்டினோம்.

ஞாயிறு வெளியீட்டுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். வாரத்தில் இரண்டு நாள் வரும் கணினித் தம்பியைக் கூப்பிட்டு, "ஞாயிறு கோப்புறையிலை இனி ஒருத்தரும் ஒண்டையும் அழிக்க ஏலாத மாதிரிச் செய்துவிடும்" என்று கட்டளையிட்டேன். "சேர், அப்படிச் செய்தால் வேறை பிரச்சினை வரலாம்" என்று அவர் இழுத்தார். "வந்தால் பாப்பம்" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை மதிய உணவு வேளையில் அவர் வந்து அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வந்து போனது கூட எனக்குத் தெரியாது.

அந்த வாரம் புதன்கிழமை, எங்கள் பத்திரிகையில் நீண்ட காலம் அச்சுக்கோப்பாளராக இருந்த பெரியவர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் காலமானார். அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'அண்ணை' என்றே அழைத்தோம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் தொடங்கி, கணினி வந்த பின்னர் ஒப்புநோக்காளராகி ஓய்வு பெற்றவர். நான் பல்கலைக்கழகத்தை விட்டு நேரே பத்திரிகைக்கு வந்த முதல் வாரத்தில், 'பட்டதாரித் தமிழ்' என்று என் முதற் கட்டுரையில் பதினேழு பிழைகளைச் சுழித்துத் தந்தவர் அவர்தான்.

மரண வீட்டில் அவருடைய மனைவியுடன் நீண்ட நேரம் இருந்தேன். எங்கள் எவருக்கும் தெரியாத பல விடயங்களை அந்த அம்மா சொன்னார். 1983 ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் வீட்டை விட்டு ஓடியபோது, அண்ணை கையில் எடுத்துச் சென்றது திருத்தி முடித்த அச்சுப்படிகளின் கட்டு ஒன்றைத்தான். அகதி முகாமில் அதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறார். வேலைக்குத் திரும்பிய நாளில், தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு அதை ஆசிரியரின் மேசையில் வைத்திருக்கிறார். இப்படிப் பல.

வெள்ளி காலையில், நான் கையால் எழுதிக் கொடுத்த ஒரு சிறு குறிப்பை அந்தப் பெண் தட்டச்சுச் செய்து சேர்வரில் வைத்தார். பிறந்த ஊர், பணியாற்றிய காலம், குடும்பம் என்று முந்நூறு சொற்கள். மாலை ஆறு மணிக்கு என் மேசைக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, அம்மா சொன்னவற்றை எல்லாம் சேர்த்து நானே தட்டச்சுச் செய்யத் தொடங்கினேன். இரண்டரை மணித்தியாலம். இடையில் ஒரு முறை கூடச் சேமிக்கவில்லை. காகிதத்தில் எழுதிப் பழகிய தலைமுறைக்கு, எழுதியது அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை இலகுவில் போகாது.

எட்டரைக்குச் சேமிக்கும் விசையை அழுத்தினேன். அனுமதி தொடர்பான தவறு காரணமாகச் சேமிப்பை நிறைவு செய்ய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு பெட்டி தோன்றியது. மூடிவிட்டு மீண்டும் அழுத்தினேன். மூன்றாம் முறையும் அழுத்தினேன். அதே பெட்டி. அந்த நேரம் பக்க வடிவமைப்பாளர் மறுமுனையிலிருந்து கத்தினார். கோப்பைத் திறக்க முடியவில்லை, வேறொருவர் அதைத் திறந்து வைத்திருக்கிறார் என்று கணினி சொல்கிறது என்றார். யார் என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார்.

நான் எழுந்து தட்டச்சுப் பகுதிக்குப் போனேன்.

"என்ர கோப்பை ஏன் திறந்து வைச்சிருக்கிறீர்?"

"நான் திறக்கவே இல்லை சேர்."

"உம்மட பெயர்தானே காட்டுது!"

அவர் தம் திரையைக் காட்டினார். அதில் வேறு ஏதோ கட்டுரை. நான் நம்பவில்லை. கணினியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். வடிவமைப்பாளரின் திரையில் அப்போதும் அவருடைய பெயர்தான் வந்தது. அந்த ஒன்றே அவர் குற்றமற்றவர் என்பதற்குப் போதிய சாட்சி. முப்பத்தைந்து வயதைக் கடந்த, செய்திகளின் உண்மை பொய்யை ஆராய்வதற்கென்றே சம்பளம் வாங்கிய எனக்கு அது உறைக்கவில்லை.

கணினித் தம்பியைத் தொலைபேசியில் பிடித்தோம். எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரும்ப இயக்கிப் பார்க்கச் சொன்னார். வேர்டை மூடும்போது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டது. சேமிக்க விடாமல் செய்துவிட்டுக் கேட்கிறதே என்ற எரிச்சலில் 'இல்லை' என்பதை அழுத்தினேன். திரும்பத் திறந்தபோது காலையில் தட்டச்சான அதே முந்நூறு சொற்கள்தான் இருந்தன.

பக்கம் அனுப்ப நாற்பது நிமிடங்களே இருந்தன. முந்நூறு சொற்களையே போட்டோம். மிகுதி இடத்தை அண்ணையின் பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கி நிரப்பினோம். அதன் பின்னர், எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பெண்ணிடம் நான் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத விரும்பவில்லை. பொறுப்பில்லாதவர், பொய் சொல்பவர் என்பவை அவற்றுள் மென்மையானவை. விளக்கம் எழுதித் தரும்படி இருத்தி வைத்தேன். அவர் அலுவலகத்தை விட்டுப் புறப்படும்போது இரவு பத்தரை மணி தாண்டிவிட்டது.

அந்த ஆண்டின் கொழும்பை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். வவுனியா முகவரி கொண்ட அடையாள அட்டையுடன் ஒரு தமிழ்ப் பெண் இரவு பதினொரு மணிக்குச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி விடுதிக்குப் போவது சிறிய விடயமல்ல. அதே ஆண்டு ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் அதிகமான தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அந்தச் செய்தியை நான்தான் எழுதினேன். எழுதும்போது, அந்தப் பெண் அப்போதும் அந்த விடுதியில் இருந்திருந்தால் என்ற நினைவு வந்தது. ஏப்ரல் மாதமே அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை கணினித் தம்பி வந்து, "அது அனுமதிப் பிரச்சினைதான் சேர், சரியாக்கிட்டன்" என்று சொன்னதாக ஒரு மங்கலான நினைவு உண்டு. என்ன அனுமதி, யாருடைய பிரச்சினை என்று நான் கேட்கவில்லை. அண்ணையைப் பற்றி அடுத்த வாரம் முழுமையாக எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போர்ச் செய்திகள் நிறைத்துக்கொண்டன. 2010 ஆம் ஆண்டு அந்த அம்மாவும் காலமானார்.

2018 ஆம் ஆண்டு அலுவலகத்துக்குப் புதிய கணினிகள் வாங்கினோம். அவற்றில் ஒன்றுக்கும் பழைய சேர்வர் கண்ணில் படவில்லை. அப்போது வேலைக்கு வந்திருந்த இளைஞர் காரணத்தை விளக்கினார். கணினிகள் ஒன்றன் கோப்பை மற்றொன்று பயன்படுத்துவதற்கான பேச்சுமொழி ஒன்று உண்டு. 1983 இல் ஐபிஎம் நிறுவனத்தில் உருவான அந்த மொழியின் பழைய வடிவத்தை மட்டுமே எங்கள் எக்ஸ்பி அறியும். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய 'வொன்னாகிரை' என்ற தீநிரல் பரவியது அந்தப் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை வழக்கமாக நிறுவுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே புதியவற்றுக்கும் பழையதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. கேட்பதற்கு நம் நாட்டு அரசியல் போலிருந்தது.

அவர் பழைய சேர்வரின் வன்தட்டைக் கழற்றி எல்லாவற்றையும் பிரதி செய்தார். பின்னர் என்னிடம் வந்து, "ஞாயிறு கோப்புறைக்குள்ளை கொஞ்சம் தற்காலிகக் கோப்புகள் கிடக்குது சேர், குப்பை. அழிச்சு விடட்டோ?" என்று கேட்டார். பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் 2007 பெப்ரவரியில் ஒரே வெள்ளிக்கிழமையின் திகதியைக் கொண்டிருந்தன. மூன்றின் நேரம், இரவு எட்டரைக்குச் சற்றுப் பின்னர், சில நிமிட இடைவெளியில். நான் மூன்று முறை அழுத்தியிருந்தேன்.

அவற்றில் ஒன்றை வேர்டில் திறக்கச் சொன்னேன். புதிய கணினியில் பாமினி இல்லாததால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தோன்றியது. எழுத்துருவை நிறுவியதும் அது தமிழாகியது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை என் கட்டுரை. அச்சுப்படிக் கட்டும், அகதி முகாமும், அந்த அம்மா சொன்ன எல்லாமும்.

அந்த இளைஞரை உட்காரவைத்து, இது எப்படி நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன்.

நாம் 'சேமி' என்று சொல்லும்போது, வேர்ட் பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. முதலில் அதே கோப்புறையில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி முழுக் கட்டுரையையும் அதில் எழுதுகிறது. பிறகு பழைய கோப்பை அழிக்கிறது. கடைசியாகத் தற்காலிகக் கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. இடையில் மின்சாரம் போனாலும் இரண்டில் ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இதில் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் அழிக்கும் உரிமை வேண்டும். நான் கேட்டபடி தம்பி அந்த உரிமையை மறுத்திருந்தார். எனவே முதற் படி நிறைவேறியது, மற்றவை நிறைவேறவில்லை. தற்காலிகக் கோப்பையும் அழிக்க முடியாததால் அது அங்கேயே தங்கிவிட்டது. அழிப்பதைத் தடுக்கப் போய்ச் சேமிப்பதைத் தடுத்திருக்கிறேன். அந்தத் தடையே என் கட்டுரையைப் பதினொரு ஆண்டுகள் காப்பாற்றியும் வைத்திருக்கிறது.

அடுத்து, அந்தப் பெயர். ஒருவர் ஒரு கோப்பைத் திறந்தவுடன் வேர்ட் அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கோப்பை வைத்து, திறந்தவரின் பெயரை அதில் எழுதுகிறது. இரண்டாவதாக வருபவருக்கு அந்தப் பெயரைத்தான் காட்டுகிறது. அந்தப் பெயரை அது எங்கிருந்து எடுக்கிறது? குறித்த கணினியில் வேர்டின் அமைப்புகளில் எழுதப்பட்டிருக்கும் பயனர் பெயரிலிருந்து. எங்கள் அலுவலகக் கணினிகளை நிறுவியபோது, தட்டச்சுப் பகுதியில் ஒன்றை முழுமையாகச் சீர்செய்து, அதன் பிரதியையே மற்றவற்றிலும் பதித்திருந்தார்கள். அந்த முதற் கணினி அவருடையது. பதினான்கு கணினிகளுக்கும் அவருடைய பெயர். அன்று வடிவமைப்பாளரின் திரை சொன்னது உண்மைதான்: கோப்பைத் திறந்து வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். அது நான்.

இந்த அனுபவத்தின் பின்னர் இத்தகைய தவறுகளைக் கொஞ்சம் அக்கறையோடு படித்தேன். கடல் கடந்தும் சிறு பத்திரிகைகள், சங்கங்கள், பாடசாலைகள் நடத்தும் பல வாசகர்கள் இதைப் படிப்பதால், தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

பொதுச் சேமிப்பகத்தில் சேமிக்க முடியாதென்று கணினி சொன்னால், முதலில் எதையும் மூடாதீர்கள். எழுதியதை வேறு பெயரில் உங்கள் சொந்தக் கணினியின் முகப்பில் சேமியுங்கள். அதுவும் முடியாவிட்டால் முழுவதையும் பிரதி செய்து உங்களுக்கே மின்னஞ்சலாக அனுப்புங்கள். உயிரைக் காப்பாற்றிய பிறகு நோயைத் தேடலாம்.

நோயைத் தேட ஓர் எளிய பரிசோதனை போதும். அதே கோப்புறையில் புதிய கோப்பொன்றை உருவாக்குங்கள். பிறகு அதன் பெயரை மாற்றுங்கள். பிறகு அழியுங்கள். முதலாவதே முடியாவிட்டால், எழுதும் உரிமை இல்லை, அல்லது தட்டில் இடமில்லை, அல்லது இணைப்பு அறுந்துவிட்டது. உருவாக்க முடிந்து, மற்ற இரண்டும் முடியாவிட்டால், என் கதைதான். மூன்றும் முடிந்தும் குறித்த ஒரு கோப்பு மட்டும் மறுத்தால், யாரோ அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அல்லது வேர்ட் திடீரென நின்றுபோனதால் அந்தச் சின்னக் கோப்பு நீங்காமல் கிடக்கிறது. விண்டோஸ் சேமிப்பகமாயின், எந்தக் கோப்பு யார் கையில் திறந்திருக்கிறது என்பதை அந்தக் கணினியிலேயே பார்க்கலாம். பெயர் சொல்லும் அறிவிப்பை மட்டும் நம்பி எவரையும் குற்றவாளியாக்காதீர்கள்.

உரிமைகள் இரண்டு இடங்களில் விதிக்கப்படுகின்றன. வலையமைப்பில் பகிரும் இடத்தில் ஒன்று, கோப்புறையில் மற்றொன்று. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். கோப்புறையில் ஒரு குழுவுக்கு அனுமதியும் இன்னொரு குழுவுக்கு மறுப்பும் இருந்து, நீங்கள் இரண்டிலும் இருந்தால், பொதுவாக மறுப்பே வெல்லும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வழக்கமான விண்டோஸ் அமைப்பில் ஒரு கோப்பின் முழுப் பாதையும், கோப்புறைப் பெயர்கள் எல்லாம் சேர்த்து, ஏறத்தாழ 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். 'யாழ்ப்பாணம்' என்பது நமக்கு ஆறு எழுத்து. ஒருங்குறியில் கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது பதினொன்று. கோப்புறைக்குள் கோப்புறை வைத்து, கட்டுரையின் முழுத் தலைப்பையும் பெயராக வைக்கும் நமது வழக்கத்தில் 260 விரைவில் முடிந்துவிடும். அப்போது வரும் அறிவிப்பு எப்போதும் தெளிவாக இருக்காது. பெயரைச் சுருக்குங்கள்.

இனி, அழிப்பதற்குப் பயந்தால் செய்ய வேண்டியது தடை போடுவதல்ல, பிரதி எடுப்பது. ஒவ்வோர் இரவும் வேறோர் இடத்துக்குத் தானாகவே பிரதி போகட்டும். அதைச் செய்யச் செலவாகுமென்று அன்று நாங்கள் செய்யவில்லை.

அந்தக் கட்டுரை 2018 ஆம் ஆண்டிலேயே, பதினொரு ஆண்டுகள் தாமதமாக, ஞாயிறு வெளியீட்டில் வந்தது. அண்ணையின் மகள் பத்துப் பிரதிகள் வாங்கிச் சென்றார். ஆனால் அதற்கு முன்னர் இன்னொரு வேலை இருந்தது. பழைய சக ஊழியர் ஒருவர் மூலம் அந்தப் பெண்ணின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பெற்றேன். வவுனியாவில் திருமண அழைப்பிதழும் நினைவு மலரும் செய்து கொடுக்கும் சிறிய கடையொன்றை நடத்திக்கொண்டிருந்தார். மூன்று நாள் தயங்கிய பிறகு அழைத்தேன்.

"பிள்ளை, அண்டைக்கு நீர் ஒண்டும் செய்யேல்லை எண்டு இப்பதான் எனக்கு விளங்கினது" என்றேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் சேர்" என்றார்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். தற்காலிகக் கோப்பு, அழிக்கும் உரிமை, பதினான்கு கணினிகளிலும் அவருடைய பெயர். இடையிடையே "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. சற்று நேரம் பொறுத்து, "எல்லாக் கணினியிலும் என்ர பெயர் கிடக்குது எண்டு அடுத்த கிழமையே பாத்தனான் சேர். சொல்லுவம் எண்டு உங்கட அறைவாசல் வரைக்கும் வந்தனான்" என்றார்.

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் நிமிர்ந்து பாக்கேல்லை."

பின்னர் அவரே, "அண்ணையைப் பற்றி எழுதினது முழுசாக் கிடைச்சுதோ?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். "எனக்கும் ஒருக்கால் அனுப்பிவிடுங்கோ சேர். முதல் பகுதி நான் அடிச்சதெல்லோ" என்றார்.

அன்றிரவே அனுப்பி வைத்தேன்.